பதினோரு மாதம்

ஏடன் துறைமுகம்
9-10-1948

மகன் செல்லசாமிக்கு,

நீ அனுப்பிய பத்திரிகை இங்கே ஏஜெண்டு ஆபீசில் இரண்டு மாதமாகக் கிடந்திருக்கிறது. மேலே சுற்றிய தாள் எண்ணெய் பட்டு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொதிகலனுக்குக் கரி போடும் முறை முடிந்து மேலே வந்து, கை கழுவிய பிறகுதான் பிரித்தேன். 'கடலில் ஒரு மலைநாட்டான்' என்று தலைப்பு. அடியில் மூக்கன் செல்லசாமி என்று உன் பெயர். எங்கள் ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு, நாகப்பட்டினத்துக்காரர், உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். "பதினாலு மாசம் காணாமப் போனவனா இவன்? சோத்துத் தட்டுக்கு மட்டும் மொத ஆளா வந்து நிக்கிறானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு பிழை இருக்கிறது. கப்பல் மூழ்கியபோது படகில் இருபத்திரண்டு பேர் இருந்ததாக எழுதியிருக்கிறாய். பத்தொன்பது பேர். மூன்று பேர் படகு வரைக்கும் வரவில்லை. மற்றதெல்லாம் சரி. ஒன்பது நாள் படகு, பிரேசிலில் ஆஸ்பத்திரி, பிறகு கேப்டவுன், 42 தீபாவளி கழிந்து போனவன் 44 பொங்கலுக்குத் தோட்டத்து லயத்து அறைக்கு வந்தது. பதினான்கு மாதம் என்பதும் சரி.

உன் அம்மாவுக்கு ஒரு பிரதி கொடு. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன. பிறப்புப் பத்திரம், அம்மை குத்திய சீட்டு, தோட்டத்து ஆபீசில் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாம் போட்டு வைத்திருக்கிறாளே அந்த பிஸ்கட் டின், அதில் வைத்துக்கொள்வாள்.

சட்டப் படிப்பை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கே போய்விடாதே. இரண்டும் இருக்கட்டும்.

அப்பா


ஹட்டன்
14-3-1951

அன்புள்ள அப்பாவுக்கு,

பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஓர் அறை எடுத்து வக்கீல் பெயர்ப் பலகை மாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுகிறேன். மற்ற நாட்களில் பிரஜாவுரிமை மனுக்கள். படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். எல்லோரிடமும் இந்த நாட்டில் பிறந்ததற்குச் சாட்சி கேட்க வேண்டியிருக்கிறது. நேற்று அக்கரப்பத்தனையிலிருந்து வந்த ஒரு கிழவர், "நான் நட்ட செடி இருக்குங்க. அத வேரோட புடுங்கியாந்து சாட்சிக்கு நிறுத்தவா?" என்று கேட்டார். நான் பெயரை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இப்போது நம் விஷயம். 1946 ஜனவரிக்கு முந்திய ஏழு ஆண்டுகள் நீங்கள் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இடையில் வெளியே போயிருக்கலாம். ஆனால் எந்தப் பயணமானாலும் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஒரு தடவை அதைத் தாண்டியிருந்தாலும் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்வார்கள். அம்மாவும் பூரணியும் உங்கள் மனுவில்தான் வருகிறார்கள். கிடைத்தால் மூவருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் மூவருக்கும் இல்லை. எனக்கு வயது வந்துவிட்டதால் என் மனு தனி.

ஆகஸ்டு ஐந்து கடைசி நாள். 1939 முதல் எப்போது கொழும்பிலிருந்து போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். தேதி தெரியாவிட்டால் ஏதாவது அடையாளம் போதும். அம்மாவைக் கேட்டேன். "வந்தா மழ, போனா வெயிலு. வேற என்ன எனக்குத் தெரியும்? கப்பலப் போயிக் கேளு" என்கிறாள்.

செல்லசாமி


லண்டன் துறைமுகம்
20-5-1951

மகன் செல்லசாமிக்கு,

கேட்டதை எழுதுகிறேன். 39இல் போர் தொடங்கிய மாதம் கொழும்பில் ஏறினேன், ஏழு மாதம். பூரணி வயிற்றில் இருந்தபோது ஒன்பது மாதம், வந்தபோது அவள் பிறந்து ஐம்பது நாள். பிறகு ஐந்து மாதம். 42 தீபாவளி கழிந்து போனது பதினான்கு மாதம். அதற்கப்புறம் எட்டு மாதம், பத்து மாதம்.

பதினான்கு என்பது பன்னிரண்டுக்கு மேல். இதை எழுதும்போது எனக்கும் தெரிகிறது. வேறு வழி ஏதாவது சட்டத்தில் இருந்தால் பார். கப்பலை மூழ்கடித்தது நான் இல்லை என்று எழுதலாமா?

போன தேதி, வந்த தேதி பதியும் என் பழைய கப்பல் புத்தகம் அந்தக் கப்பலோடு போய்விட்டது. இப்போதுள்ள புத்தகம் 44இல் கொடுத்தது.

இன்று தேயிலைப் பெட்டி இறக்கினார்கள். நம் தோட்டத்து முத்திரை போட்ட பெட்டிகள் நாற்பதுக்கு மேல். பக்கத்தில் நின்றவனிடம் "இது எங்க ஊரு" என்றேன். அவன் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அப்பா


ஹட்டன்
11-6-1951

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் வழி இல்லை. கப்பல் மூழ்கினவர்களுக்கென்று தனி விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: 1943 பிப்ரவரியில் புறப்பட்டீர்கள், 44 ஜனவரியில் வந்தீர்கள். பதினோரு மாதம். பழைய புத்தகம் கடலில் இருக்கிறது. அந்த ஆண்டுகளின் ஆள் பதிவு தங்களிடம் இல்லை என்று ஏஜெண்டு ஆபீசிலிருந்து கடிதம் வாங்கிவிட்டேன். தோட்டத்துப் பதிவில் உங்கள் பெயர் எப்போதும் இருந்ததில்லை. நான் எழுதிய கட்டுரை ஒன்றுதான் உண்டு. அந்தப் பத்திரிகை மறு வருடமே நின்றுபோயிற்று. அதை யார் எடுத்து வைத்திருக்கப்போகிறார்கள்?

தினமும் அறுபது பேரின் மனுவில் உண்மையைத் தேடித் தேடி எழுதுகிறேன். அதில் பாதி நிற்காது என்று எனக்குத் தெரியும். உங்களுடையது நின்றாக வேண்டும். பூரணிக்குப் பதினோரு வயது நடக்கிறது. நன்றாகப் படிக்கிறாள்.

பென்சில் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

செல்லசாமி


போர்ட் சயீத்
6-7-1951

மகன் செல்லசாமிக்கு,

நீ எடுத்துவிட்ட மூன்று மாதம் எது என்று பார்த்தேன். 42 நவம்பரிலிருந்து 43 பிப்ரவரி வரை. படகு அதற்குள்தான் வருகிறது. படகுக்கு வராத மூன்று பேரும் அதற்குள்தான். அந்த நாட்களில் நான் நம் டயகமத் தோட்டத்தில், லயத்தில், உன் அம்மா பக்கத்தில் படுத்திருந்ததாக ஆகிறது.

சரி. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது. இங்கே வெயில் அதிகம்.

அப்பா


ஹட்டன்
3-12-1955

அப்பாவுக்கு,

தீர்ப்பின் நகல் நேற்று வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. நீங்கள் கப்பலை விட்டு வந்து டயகமயில் இருக்கிறீர்கள், நான் ஹட்டனில். பஸ் ஏறினால் அரை நாளில் வந்துவிடலாம். ஆனாலும் இதை எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மனுவை எழுதியவன் நான் என்பதால் நுவரெலியா விசாரணைக்கு நான் வரவில்லை. நீங்களும் அம்மாவும் போனீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததைக் காட்ட வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன். தீர்ப்பில் மூன்றாம் பத்தி இப்படி இருக்கிறது: 'மனுதாரர் தரப்பில் ஒரு பத்திரிகை நறுக்கு தாமாகவே சமர்ப்பிக்கப்பட்டது.' தாமாகவே.

நான்காம் பத்தியில், பதினோரு மாதம் என்று தவறாகக் கணக்குக் கொடுத்தது தானே என்றும், பத்திரிகையில் எழுதியதைவிட இதுவே சரி என்று சொல்லித் தன் மகனை நம்ப வைத்ததாகவும், அவனுக்கு உண்மை தெரியாதென்றும் நீங்கள் சத்தியம் செய்து சொன்னதாக இருக்கிறது. உண்மை பதினான்கு மாதம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் தொழிலைக் காப்பாற்றிக் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. அந்த நறுக்கை ஏன் கொண்டுபோனீர்கள்? நான்கு வருடமாக மனதில் வைத்திருந்தீர்களா? பொய்யில் கையெழுத்து வாங்கினான், அவன் எழுத்தாலேயே அது போகட்டும் என்றா? அப்படியென்றால் அம்மாவும் பூரணியும் என்ன செய்தார்கள்?

கொண்டுபோனது நீங்கள்தானா என்று மட்டும் எழுதுங்கள்.

செல்லசாமி


டயகம
8-12-1955

செல்லசாமிக்கு,

கொண்டுபோனது நான்தான்.

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வந்தால் உன் அம்மா எதையாவது கேட்பாள், நீ எதையாவது சொல்வாய். அவளுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. இன்னும் ஒரு தரம் கூப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கொடுத்துவிட்ட கம்பளி வந்தது.

அப்பா


ஹட்டன்
17-8-1960

அப்பாவுக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். பூரணி இங்கே வந்திருந்தாள். ஆசிரியர் வேலைக்கு அழைப்பு வந்ததாம். படிவத்தில் பிரஜாவுரிமை எண் எழுதும் கட்டத்தில் அவள் சிறிய கோடு ஒன்று போட்டிருக்கிறாள். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன கோடு?" என்று கேட்டாராம். "இல்லைங்கிறதுக்கு" என்றாளாம். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அழவில்லை. என் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். "அண்ணே, ஒன் பலகையில தூசி புடிச்சிருக்கு" என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போனாள். என் மனு 54இலேயே ஏற்கப்பட்டது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் கேட்டதேயில்லை.

நான் பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டேன். கேட்டீர்களென்றால் நேரமில்லை என்று சொல்லுவேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களாமே. நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

செல்லசாமி


டயகம
25-8-1960

செல்லசாமிக்கு,

மாப்பிள்ளை பெயர் அழகன். பாக்டரியில் தேயிலை சலிக்கிறான். அவனுக்கும் உரிமை இல்லை. அதனால் அந்தப் பேச்சே வரவில்லை. ஆவணிக் கடைசியில் கோயிலில் தாலி. நீ வந்தால் போதும். வந்தவர்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

அப்பா


டயகம
6-12-1964

செல்லசாமிக்கு,

உன் அம்மா அடக்கத்துக்கு வந்து, குழி மூடும் வரைக்கும் மழையில் நின்றுவிட்டுப் போனாய். அன்று பேச வேண்டாம் என்று இருந்தேன். இப்போது பதினாறும் முடிந்துவிட்டது. எழுதுகிறேன்.

நறுக்கை நான் கொண்டுபோகவில்லை.

நுவரெலியாவில் விசாரணை நடந்த அறையில் ஒரு மேசை, அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள். உன் அம்மா சேலைக்குள் பிஸ்கட் டின்னை அணைத்துப் பிடித்திருந்தாள். நீ சொன்னபடி நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுந்திருக்கப் போகிறோம். அப்போது அந்த ஆள், "வேற கடுதாசி ஏதும் இருக்கா?" என்று சும்மா கேட்டான்.

தோட்டத்தில் யாரிடமாவது கடுதாசி இருக்கிறதா என்று கேட்டால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? இருக்கிற அத்தனையும் எடுத்து வைப்பார்கள். எது உதவும், எது கெடுக்கும் என்று யாருக்குத் தெரியும். அச்சுப் போட்டிருந்தால் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு. அவள் டின்னைத் திறந்தாள். உன்னுடையதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நாலாக மடித்து, மஞ்சள் துணியில் சுற்றி.

"இது எம் மவன் எழுதுனதுங்க. அவங்க அப்பாவப் பத்தி. பேரு போட்டிருக்காங்க பாருங்க" என்றாள்.

நான் கை நீட்டினேன். அதற்குள் அவன் வாங்கிவிட்டான். முதலில் தனக்குள் படித்தான், பிறகு அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னான். அதிகாரி பேனாவைத் திறந்தார். உன் அம்மா சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் எடுத்துப் படிக்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷம்.

அதற்கப்புறம் நான் சொன்னது உனக்குத் தெரியும். அவர்கள் இங்கிலீஷில் பேசியது அவளுக்கு விளங்கவில்லை. நான் சொன்ன தமிழும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நறுக்கைத் திருப்பித் தரவில்லை. பஸ்ஸில் வரும்போதே, "அதத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். "குடுப்பாங்க" என்றேன். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன இடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்: "எம் மவன் எழுதுனத ஆபீசுல ஆசப்பட்டு வாங்கி வச்சிக்கிட்டாங்க." ஒன்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் காய்ச்சலில் கிடக்கும்போது கூட, "அந்தக் கடுதாசி வந்துச்சா?" என்றாள். வந்தது, டின்னில் வைத்துவிட்டேன் என்றேன். சரி என்று திரும்பிப் படுத்தாள்.

நீ 55இல் கேட்டபோது நான் உண்மையை எழுதியிருந்தால், நீ என்ன கோபத்தில் வந்து அவளிடம் என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் கேட்காமலும் இருந்திருக்கலாம். நான் பார்க்க விரும்பவில்லை.

அவளிடம் பிரதி கொடுக்கச் சொன்னவன் நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொள்வதாகத் தோட்டம் முழுக்கப் பேச்சு. அழகன் காத்திருக்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டு எடுத்துவிட்டான், பூரணிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து. எனக்கும் எடுத்திருக்கிறார்கள். துறையூர்ப் பக்கம் என் தாத்தா ஊர். நான் பார்த்ததில்லை. உன் அம்மா இருக்கும் வரைக்கும் யோசிக்கவில்லை. இனி இங்கே லயத்தில் என் பெயரில் அறை இல்லை. இருந்தது அவள் பெயரில்.

அப்பா


ஹட்டன்
20-12-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து, வேறு மூன்று பேருக்கு மனு எழுதி முடித்தேன்.

அந்தக் கட்டுரை வந்த பத்திரிகை கொழும்பில் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். இல்லை. என்னிடமும் பிரதி கிடையாது. என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தால் இருபத்திரண்டு பேர் என்ற பிழை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

55இல் தீர்ப்பு வந்த அன்று நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. நுவரெலியாவுக்குப் போய், எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பலகையை இறக்கியிருப்பார்கள். உங்கள் மூவருக்கும் அதனால் எதுவும் கிடைத்திருக்காது. அதைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் போகவில்லை. போகாமல் இருந்துவிட்டு, நறுக்கைக் கொண்டுபோனது யார் என்று உங்களைக் கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எழுதுறியா ராசா?" என்று கேட்பாள். அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதும் வேலையைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் போக வேண்டாம் என்று எழுத எனக்கு வாய் இல்லை. ஹட்டனில் என்னோடு இருங்கள் என்று எழுதலாம். எழுதுகிறேன். அறைக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று இருக்கிறது, கட்டில் போடலாம். இந்த நாட்டில் தங்க உங்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியைச் சட்டப்படி எத்தனை தடவை நீட்டலாம் என்றும் பார்த்தேன். கொஞ்ச காலம் நீட்டலாம். வெளியே போய் ஒரு வருடத்துக்குள் திரும்பினாலும் அது நிற்கும். அதைத் தாண்டினால் போய்விடும். மறுபடியும் அதே பன்னிரண்டு மாதம்தான்.

போகும் தேதியைத் தெரிவியுங்கள். ரயில் ஹட்டனில் நிற்கும்.

செல்லசாமி


தலைமன்னார்
2-5-1965

மகன் செல்லசாமிக்கு,

கப்பல் ஏறுவதற்கு முன் தபால் பெட்டி இருக்கிறது என்றார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

ஹட்டனில் ரயில் நின்ற நேரம் கொஞ்சம். நீ ஜன்னலுக்கு வெளியே நின்றாய். பூரணி பிள்ளையை உன் கையில் கொடுத்தாள். அது உன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மணி அடித்த பிறகு, "குளிருக்குக் கம்பளி எடுத்தீங்களா?" என்று கேட்டாய். அங்கே குளிர் இருக்காது என்று பூரணி சொன்னாள். பிறகு ரயில் நகர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது.

பின் அறையில் கட்டில் போட்டிருக்கிறாய் என்று பூரணி சொன்னாள். பிள்ளை கைக்குழந்தை, அழகனுக்கு அங்கே யாரையும் தெரியாது. அவர்களை முதலில் கொண்டுபோய் விட வேண்டும்.

இங்கே கப்பலேறும் பாலத்தில் நீண்ட வரிசை. எல்லோர் கையிலும் ஒரு டின். எனக்கு முன்னால் நின்ற பெண் பாத்திரங்களை விட டின்னைத்தான் கெட்டியாகப் பிடித்திருந்தாள். உன் அம்மாவுடையதைப் பூரணி வைத்திருக்கிறாள். நான் திறந்து பார்க்கவில்லை.

கப்பல் சின்னது. கரி இல்லை, எண்ணெய் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் அக்கரை. மேல் தட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கப்பலில் மேலே உட்கார்ந்து போனதில்லை.

குமாஸ்தா ஒரு படிவம் நிரப்பினான். பெயர், வயது, பிறந்த இடம். டயகம என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. "பெரியவரே, எத்தன காலம் வெளிய இருப்பீங்க?" என்று கேட்டான். அழகன் எனக்காக ஏதோ சொல்ல வந்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பதினோரு மாசம்னு போடுங்க" என்றேன்.

அவன் போட்டுக்கொண்டான்.

அப்பா